குறட்டால் இறுக்கிய தோடு

போன வருடம் மார்ச் மாதம், பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை விடுமுறை விட்டிருந்த நேரத்தில் இது நடந்தது. ஊர் கனடாவின் மொன்றியல். செயின்ட்-மிஷேல் பக்கம் இருக்கிற ஒரு விளையாட்டு மண்டபம். வெளியே பனி உருகியும் உருகாமலும், தெருவெல்லாம் உப்பும் சேறுமாகக் கிடந்த நாட்கள். இந்தக் கதையை நான் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கு வசதியான இடம் வந்ததும் நிறுத்திவிடுவேன். இந்த முறை நிறுத்தாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

என் மகள் மல்யுத்தம் செய்பவள். இதைச் சொன்னால் எங்கள் சனம் முதலில் சிரிக்கும், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கும். அவள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த வருடம் உடற்பயிற்சி ஆசிரியை ஒருத்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ தற்காப்புக் கலை பழக்குகிறார்கள் என்று நினைத்து நானும் சரி என்றுவிட்டேன். முதல் போட்டியைப் பார்க்கப் போனால், தோளும் தொடையும் தெரிகிற உடுப்போடு என் பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். என் கணவர் எழுந்து நின்று கை தட்டுகிறார். நான் கைப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனாலும் அவள் வென்றாள் என்றதும் எனக்கும் உள்ளுக்குள் ஒரு புளுகம், ஒரு பெருமை வந்ததுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்த மார்ச் விடுமுறையில் ஒரு பயிற்சி முகாம் வந்தது. நாட்டுக்காக மல்யுத்தம் செய்கிற பெண்கள் பல மாகாணங்களிலிருந்தும் மொன்றியலுக்கு வந்து பயிற்சி எடுப்பார்களாம். அதே மெத்தையில், அவர்களோடு சேர்ந்து, இங்குள்ள கழகங்களில் தெரிந்தெடுத்த சில சின்னப் பெண்களும் பயிற்சி எடுக்கலாமாம். எங்கள் கழகத்திலிருந்து என் மகளை எடுத்திருந்தார்கள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. முகாம் என்ற சொல் இலங்கையில் சண்டைக்குத் தப்பி வந்த எங்கள் சனத்துக்கு வேறு ஞாபகங்களைக் கொண்டுவரும். இவளோ அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி வீடு முழுக்கத் துள்ளித் திரிந்தாள். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் வந்து கதவைத் தட்டுகிற அளவுக்குத் துள்ளல்.

இனித் தோட்டுக்கு வருகிறேன்.

மல்யுத்தத்தில் தோடு, சங்கிலி, காப்பு எதுவும் போட முடியாது. அது எனக்கும் தெரியும். பயிற்சிக்கு முன் இவள் தோட்டைக் கழற்றிக் காலுறைக்குள் சுருட்டி வைப்பாள், திரும்பி வரும்போது மெட்ரோவில் போட்டுக்கொள்வாள். ஒரு நாள் அதில் ஒன்று தொலைந்துவிட்டது. பேச்சு விழும் என்று எனக்குச் சொல்லாமல் மற்றதையும் கழற்றி வைத்துவிட்டு, தலைமயிரால் காதை மூடிக்கொண்டு திரிந்திருக்கிறாள். கோயிலில்தான் குட்டு வெளிப்பட்டது. அன்னதானத்துக்கு இருக்கும்போது பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, செல்லமாக மகளின் தலைமயிரை ஒதுக்கிவிட்டுக் காதைப் பார்த்தா. பிறகு நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் திரும்பினா.

“என்ன தங்கச்சி, குமர்ப்பிள்ளையை மூளிக்காதோட கூட்டிக்கொண்டு திரியிறீர்? ஒரு சோடி தோடு வாங்கிப் போட ஏலாமல் போச்சே?”

எங்கள் வீடுகளில் பெண்பிள்ளையின் காது வெறுமையாக இருந்தால், பார்க்கிறவர்களின் கண் நேரே தாயிடம்தான் வரும். கவனிக்க ஆளில்லாத பிள்ளை, பொறுப்பில்லாத தாய். பிள்ளை எத்தனை பதக்கம் எடுத்தாலும் அந்தக் காதுக்குப் பிறகுதான் அதெல்லாம். இந்தக் கனடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும், அந்த அம்மாவின் ஒரு சொல்லுக்கு நான் அப்படியே சுருங்கிப்போனேன்.

அடுத்த நாளே ஜான்-டலோன் தெருவில் ஒரு நகைக்கடைக்குப் போய், சிவப்புக் கல் வைத்த சின்னத் தோடு வாங்கினேன். திருகிப் பூட்டுகிற சுரை வைத்தது. வீட்டுக்கு வந்து மகளைக் குசினிக் கதிரையில் இருத்தி இரண்டு காதிலும் போட்டேன். கையால் திருகினால் இவள் எப்படியும் கழற்றிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் கணவரின் சாமான் பெட்டியிலிருந்து குறட்டை எடுத்துவந்து சுரையைப் பிடித்து இறுக்கினேன். அவள் “ஆ” என்றாள். நான் இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்தார். “இஞ்சரப்பா, பிள்ளை மல்லுக்கட்டப் போறாள். மாலை மாத்தவே போறாள்?”

“நீங்கள் பேசாமல் இருங்கோ” என்றேன். அந்த மனிசன் எப்போதும் போலப் பேசாமல் இருந்துவிட்டார். அன்றைக்காவது என்னோடு சண்டை பிடித்திருக்கலாம்.

மகள் அழவில்லை. “அம்மா, அங்க தோட்டோட விடமாட்டினம். காம்ப்பில செக் பண்ணுவினம்” என்று மட்டும் சொன்னாள். அதற்கும் நான் வழி வைத்திருந்தேன். மேலே பிளாஸ்டர் ஒட்டு, காயம் என்று சொல்லு என்றேன். தோடு காதில் இருந்தால் முகாம், இல்லையென்றால் வீடு. அதற்கு மேல் கதையில்லை என்றேன். அவளுக்கு அந்த முகாம் எவ்வளவு தேவை என்று தெரிந்துகொண்டுதான் அதைச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் வேலை செய்வது ஒரு கார்டெரியில். நடை பழகுகிற குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். காலையில் பிள்ளைகள் வந்ததும் கழுத்து, காது, கை எல்லாம் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. சங்கிலி கிடந்தால் கழற்றித் தாயிடம் கொடுத்துவிடுவோம். ஒரு முறை ஓர் இளம் தாய், இது எங்கள் வழக்கம், கழற்றினால் கண்ணூறு படும் என்று கெஞ்சினாள். வழக்கம் வீட்டில் இருக்கட்டும், இங்கே மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று நான் அவளுக்கு நீட்டி முழக்கிப் பாடம் எடுத்தேன். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

முகாமின் முதல் நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். பெற்றோர் சுவரோரம் வாங்குப் பலகையில் இருந்து பார்க்கலாம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் மருந்துத் தண்ணீர் மணமும் வியர்வை மணமும் ஒன்றாக அடித்தன. நாட்டுக்காக விளையாடுகிற பெண்கள் என்றால் பூதம் மாதிரி இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே போனால் அவர்கள்தான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு மெத்தையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரின் தோல் நோய் இன்னொருவருக்கு வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் தாங்களே துடைப்பார்களாம். என் மகளும் ஓடிப்போய் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். வீட்டில் அவள் துடைப்பத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு எல்லோரும் வரிசையாக நின்று கைகளை நீட்டினார்கள். பயிற்சியாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரி. ஒவ்வொருவரின் நகத்தையும் தொட்டுப் பார்த்தாள், காதையும் கழுத்தையும் பார்த்தாள். பெரிய வீராங்கனை, சின்னப் பிள்ளை என்ற வித்தியாசமே இல்லை. என் மகளிடம் வந்ததும் நின்றாள். இரண்டு காதிலும் பிளாஸ்டர். என்ன இது என்று கேட்டாள். மகள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பயிற்சியாளரும் என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. எழுந்து போய், மன்னிக்க வேண்டும், தோடு இருக்கிறது, குறடு ஒன்று தாருங்கள் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நான் எனக்குத் தெரிந்த கார்டெரிப் பிரெஞ்சில், காது குத்திய இடத்தில் சின்னப் புண், காய்ந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, மூடி வைத்தால் போதும் என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஒரு தாய் சொல்கிறாள் என்று அவள் நம்பிவிட்டாள். பெட்டியிலிருந்து ஒரு காதுக் கவசத்தை எடுத்துக் கொடுத்து, இதைப் போட்டுக்கொள் என்று மகளை அனுப்பினாள்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் திமிர் இன்னும் ஏறிவிட்டது. மெட்ரோவில் வரும்போது மகள் வாய் ஓயாமல் கதைத்தாள். பெரியவர்களில் ஒருத்தி இவளைப் பார்த்து உன் கால்வேகம் நல்லாயிருக்கிறது என்று சொன்னாளாம். மேற்குப் பக்க மாகாணம் ஒன்றிலிருந்து வந்தவள் அவள். இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும், ஒரு காது மட்டும் பணியாரம் மாதிரி வீங்கிக் கெட்டியாகியிருக்கும். அவளுடைய எடையில் நாட்டு அணிக்கு ஒருத்தியைத்தான் எடுப்பார்களாம். எத்தனையோ வருடமாக அவள் இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தாளாம். முதலில் இருந்தவள் விலகிவிட்டதால் அடுத்த மாதத் தேர்வில் அந்த இடம் இவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்களாம். “பாவம் அம்மா அவ, இந்த முறை விட்டால் பேந்து இல்லை” என்று என் மகள் ஏதோ சொந்த அக்காவைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

இரண்டாம் நாள் காலையில் அந்தப் பெண்ணே வந்து என் மகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். நான் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த தாய்மாரை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். முதலில் அவள் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். மகளின் முழங்காலைத் தொட்டு இன்னும் மடக்கு என்பாள், தானே காலைக் கொடுத்து இப்போது பிடி என்பாள். மகள் பிழைவிட்டால் சிரிப்பாள், சரியாகச் செய்தால் மெத்தையில் கையால் ஓங்கி அடிப்பாள். நடுவில் தண்ணீர் குடிக்க விட்டார்கள். மகள் காதுக் கவசத்தைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். கவசம் அழுத்தி அழுத்திச் சுரை காதுக்குப் பின்னால் குத்தியிருந்தது. அந்த இடம் சிவந்து கன்றிப்போயிருந்தது.

“அம்மா, நோகுது. இதைப் போடேலாது” என்றாள்.

அப்படியென்றால் போடாதே, பிளாஸ்டர் இருக்கிறதுதானே என்றேன். புதிதாக இரண்டு பிளாஸ்டரை என் கைப்பையிலிருந்து எடுத்து நானே ஒட்டிவிட்டேன். கவசத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அடுத்தது உண்மையான பிடி. அதாவது சொல்லிக் கொடுப்பதெல்லாம் முடிந்து, இரண்டு பேரும் முழு மூச்சாக மல்லுக்கட்டுவது. அந்தப் பெண் நினைத்திருந்தால் என் மகளை நிமிடத்துக்கு ஒரு முறை தூக்கிப் போட்டிருக்கலாம். போடவும் செய்தாள். ஆனால் ஒரு முறை மகள் குனிந்து உள்ளே போய் அவளுடைய காலைப் பிடித்துவிட்டாள். பிடித்தவள் விடவில்லை. அந்தப் பெண் இடுப்பை அழுத்தித் தள்ளுகிறாள், இவள் தலையை அவள் நெஞ்சில் முட்டுக்கொடுத்துக்கொண்டு தொங்குகிறாள். சுற்றி நின்ற பெரியவர்கள் தங்கள் பிடியை நிறுத்திவிட்டுக் கத்தத் தொடங்கினார்கள். நானும் தமிழில் கத்தினேன். மகள் தலையை மேலே தூக்கி ஒரு முட்டு முட்டி எழுந்தாள். அவளுடைய தலை அந்தப் பெண்ணின் முகத்தை உரசிக்கொண்டு மேலே போனது.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. கையை விட்டுவிட்டு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு முழங்காலில் இருந்தாள். விரல் இடுக்கால் இரத்தம் வந்தது. மகளின் காதில் பிளாஸ்டர் பாதி உரிந்து தொங்கியது. அதற்குள்ளே தோடு தெரிந்தது.

இனிச் சொல்வதுதான் நான் எப்போதும் விட்டுவிடுகிற இடம். எல்லோரும் அந்தப் பெண்ணை நோக்கி ஓடினார்கள். நானும் எழுந்து ஓடினேன். ஆனால் என் கண் முதலில் போனது மகளின் காதுக்கு. தோட்டில் கல் இல்லை. நான் மெத்தையின் விளிம்பில் நின்றுகொண்டு, குனிந்து, அந்தச் சிவப்புக் கல்லைத் தேடினேன். ஒருத்தியின் கண்ணிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருக்கும்போது நான் கல்லைத் தேடினேன். நிமிர்ந்தபோது மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன தேடுகிறேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

பயிற்சியாளர் மகளின் காதைப் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய முகம் இறுகியது. என்ன இது என்று கேட்டாள். மகள் யோசிக்கவே இல்லை. மளமளவென்று பிரெஞ்சில் சொன்னாள். தோடு தனக்குப் பிடிக்குமாம், கழற்ற மனமில்லையாம், தாயிடமும் புண் என்று பொய் சொல்லித்தான் பிளாஸ்டர் ஒட்டினாளாம், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாதாம். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. பயிற்சியாளர் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பொய் சொல்கிற பிள்ளையைப் பெற்றுவிட்டாயே என்று பாவப்பட்டுப் பார்த்தாள். அந்தப் பாவத்தையும் நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மகளுக்கு முகாம் அதோடு முடிந்தது, உடுப்பை மாற்று என்றார்கள். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கண்ணில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறபோது, மறு கையால் என் மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

மெட்ரோவில் மகள் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே அப்பாவிடம் போய்க் குறட்டைக் கேட்டாள். சுரை இறுகிப்போய் இருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் திருகிக் கழற்றினார். காதுச் சோணை வீங்கியிருந்தது. என்ன நடந்தது என்று அவர் கேட்க, மகள் ஒன்றுமில்லை என்றாள். நான்தான் சொன்னேன். அவர் குறட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் மகளின் அறைக்குப் போனேன். ஏன் பிள்ளை அப்படிச் சொன்னனீ என்று கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“எல்லாருக்கும் முன்னால அவை உங்களைப் பேசினால் நீங்கள் என்ன செய்வீங்கள் அம்மா? உங்களுக்குத் திருப்பிக் கதைக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

சின்ன வயதிலிருந்து டொக்டரிடமும், பள்ளிக்கூடத்திலும், வாடகை வாங்குகிற வீட்டுக்காரனிடமும் எனக்காகக் கதைத்தவள் அவள். நான் தமிழில் சொல்வேன், அவள் பிரெஞ்சில் சொல்வாள். அன்றைக்கு நான் சொல்லாமலே எனக்காகக் கதைத்திருக்கிறாள். கட்டில் விளிம்பில் இருந்து அழுதேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதால் போதும் என்று நினைக்கிறவள் நான் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை தனியாக அந்த மண்டபத்துக்குப் போனேன். வழி முழுக்கச் சொல்ல வேண்டிய பிரெஞ்சு வசனங்களைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அந்தப் பெண் சுவரோரம், நகராத சைக்கிள் ஒன்றை மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்தது. இமையில் தையல் போட்டிருந்தார்கள், கருவிழியிலும் கீறல் விழுந்திருக்கிறதாம். ஆறும்வரை யாரோடும் பிடி போடக் கூடாதாம். தேர்வோ அடுத்த மாதம். மற்றவர்கள் மெத்தையில் உருள, அவள் ஒற்றைக் கண்ணால் அவர்களைப் பார்த்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சியாளரையும் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் முன்னால் நின்று சொன்னேன். தோட்டை இறுக்கியது நான். பொய் சொன்னது நான். பிள்ளை சொன்னது எனக்காக. என் பிரெஞ்சு உடைந்து உடைந்து வந்தது. அவ்வளவுதான் தெரியும் என்பதால் அவ்வளவே சொன்னேன், சாக்குச் சொல்லச் சொற்கள் இருக்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

அந்தப் பெண் சைக்கிளை நிறுத்தினாள். முதல் பிடியிலேயே பிளாஸ்டருக்குக் கீழே ஏதோ கட்டியாக இருக்கிறது என்று தன் கைக்குத் தெரிந்ததாம். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டியவள் தான்தானாம். உன் பிள்ளை அவ்வளவு நன்றாக மல்லுக்கட்டினாள், நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, அது என் பிழையும்தான் என்றாள். என் பிள்ளை பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். கண் கட்டியிருக்கிற இவள் அதில் பங்கு கேட்கிறாள். செய்த நானோ இவர்களிடம் உண்மையைச் சொல்லாமல் ஒரு இரவு முழுக்க வீட்டில் படுத்திருந்தேன்.

பயிற்சியாளர் அவ்வளவு இலேசில் விடவில்லை. எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். அங்கே பிள்ளைகள் தோடு, சங்கிலி போட்டு வந்தால் என்ன செய்வாய் என்றாள். கழற்றிவிடுவோம் என்றேன். ஏன் என்றாள். பிறகு மகளைப் பற்றிச் சொன்னாள். பிள்ளையும் பொய் சொன்னவள்தான், அதனால் மெத்தையில் பிடி போட விட முடியாது, ஆனால் வந்து மற்ற வேலைகள் செய்யலாம் என்றாள். மத்தியானம் மகள் வந்தாள். துடைப்பத்தை எடுத்து மெத்தை துடைத்தாள், நேரக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள், சைக்கிளில் இருந்தவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் வாங்கில் இருக்கவில்லை. வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். அந்த வாங்கில் இருக்க எனக்கு இனித் தகுதியில்லை என்று தோன்றியது.

அடுத்த மாதம் தேர்வு நடந்தது. மகள் தன் மடிக்கணினியில் நேரடியாகப் பார்த்தாள். நானும் பின்னால் வந்து நின்றேன். அந்தப் பெண் கடைசிச் சுற்று வரை வந்தாள். கடைசிச் சுற்றில் ஒரு சின்ன இடைவெளியில் தோற்றாள். எதிரி திரும்பத் திரும்ப அவளுடைய ஒரு பக்கத்தால்தான் உள்ளே வந்தது போல எனக்குத் தெரிந்தது. அது தையல் போட்ட கண் இருந்த பக்கமா என்று மகளிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மகள் கணினியை மூடினாள். அந்தக் காயம் இல்லையென்றால் அவள் வென்றிருப்பாளா? யாருக்கும் தெரியாது. ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதை மறுத்தாவது பேசியிருப்பேன். இப்போது அந்தக் கேள்வியோடு நான் தனியாகத்தான் இருக்கிறேன்.

சில நாட்கள் கழித்து அவளிடமிருந்து மகளின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. தன் தோல்வியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கால் பிடியை இன்னும் பழகு, அடுத்த வருடம் பார்ப்போம் என்று எழுதியிருந்தாள். கீழே, உன் அம்மா எப்படி இருக்கிறா என்று கேட்டிருந்தாள். மகள் தொலைபேசியை என்னிடம் நீட்டி, “என்ன எழுத அம்மா?” என்றாள். நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அம்மா நல்ல சுகமாக இருக்கிறா என்று அவளே தட்டி அனுப்பினாள். எனக்காக என் பிள்ளை எவ்வளவு இலகுவாகப் பொய் சொல்கிறாள், அதற்கு அவளைப் பழக்கியவள் நான்தானே என்பதை நினைக்கும்போதெல்லாம், யாரும் பார்க்காத இடத்தில்கூட எனக்கு என் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.